பிஎஸ்-6 டீசல் லாரியில் மைலேஜும் புகையும்: ஸ்கேனர் போடுவதிலிருந்து மேப் வரை முழு வழிகாட்டி

"புல்லிங் இல்லை, டீசலும் அதிகம் குடிக்குது" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பிஎஸ்-6 (2020-ல் வந்த புகை விதி) லாரிக்கு இப்போதெல்லாம் இரண்டு வைத்தியம் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மேப் மாற்றுவது, அதாவது எப்போது எவ்வளவு டீசல் என்ற அதன் அட்டவணையை மாற்றுவது. இன்னொன்று, சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்-ஐக் கழற்றி வீசுவது. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த இரண்டும் தேவைப்படாது. ஈசியூ தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். அதற்குப் போகிற தகவல்தான் பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யை நம்பி இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்து டீசலைக் குறைக்கும், இல்லாவிட்டால் அளவு தெரியாமல் கூட்டிவிடும்.

சொந்த லாரி வைத்திருப்பவர், டிரைவர், ஸ்கேனர் பழகிக்கொண்டிருக்கும் மெக்கானிக் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். காமன் ரெயில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) இருக்கிற பிக்கப், கார், பஸ் எதற்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ஈசியூ எதை வைத்து முடிவெடுக்கிறது

பழைய இன்லைன் பம்ப் இன்ஜினில் டீசலின் அளவும் டைமிங்கும் பம்புக்குள்ளேயே இருந்தன. இழுவை போதவில்லை என்றால் பம்பை ஏற்றி வைத்துவிடுவார்கள், பின்னால் வருகிறவர் புகையில் மூழ்குவார். காமன் ரெயில் வந்ததும் டீசலை அழுத்துவது தனி வேலையாகவும், தெளிப்பது தனி வேலையாகவும் பிரிந்தது. 1995-ல் ஜப்பானில் டென்சோ தயாரித்த காமன் ரெயில் ஹினோ லாரியில் ஓடியது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது. இன்று ரெயிலில் 1600 முதல் 2500 பார் வரை அழுத்தம் நிற்கிறது. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போதும் ஈசியூவால் உயர்ந்த அழுத்தத்தைக் கேட்டு வாங்க முடியும். ஒரே ஸ்ட்ரோக்கில் முதலில் ஒன்றிரண்டு மில்லிகிராம் பைலட், அப்புறம் மெயின், தேவைப்பட்டால் போஸ்ட் என்று பிரித்துத் தெளிக்கவும் முடியும். பைலட் டீசல் முன்கூட்டியே லேசாக எரிந்து சூடேற்றி வைப்பதால்தான் புது இன்ஜினில் அந்தப் பழைய 'டக் டக்' சத்தம் இல்லை.

டீசல் இன்ஜினில் ஒரு தீராத இழுபறி உண்டு. டைமிங்கை முன்னால் இழுத்தால் எரிப்பு நன்றாக நடக்கும், மைலேஜ் கூடும், சூடும் கூடும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். இதைத்தான் எல்லோரும் நாக்ஸ் என்கிறார்கள். டைமிங்கைப் பின்னால் தள்ளினாலோ, இஜிஆர் வழியாகப் புகையைத் திரும்ப உள்ளே விட்டாலோ நாக்ஸ் குறையும், ஆனால் கரியும் டீசல் செலவும் ஏறும். பெரிய வண்டிகளுக்கு நாக்ஸ் வரம்பு பிஎஸ்-4-ல் கிலோவாட் மணிக்கு 3.5 கிராம். 2020 ஏப்ரல் 1-ல் வந்த பிஎஸ்-6-ல் அது 0.4 கிராம் அளவுக்கு இறங்கியது. சோதனை முறையும் மாறியதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, ஆனாலும் இறக்கம் எவ்வளவு பெரிது என்று புரியும். இஜிஆர் மட்டும் வைத்து இதைச் சமாளித்தால் மைலேஜ் செத்துவிடும். 2017-ல் பிஎஸ்-4 வந்தபோது அசோக் லேலண்ட் யூரியா கரைசல் வேண்டாம் என்று ஐஇஜிஆர் (இஜிஆரையே மேம்படுத்திய முறை) வழியில் போனது. பிஎஸ்-6-க்கு அவர்களும் எஸ்சிஆர் (யூரியா கரைசலைத் தெளித்து நாக்ஸைச் சுத்தம் செய்யும் கருவி) பொருத்த வேண்டியதாயிற்று. எஸ்சிஆர் இருந்தால் இன்ஜினைச் சூடாக, சிக்கனமாக எரியவிட்டு, வெளியேறும் நாக்ஸைச் சைலன்சரில் வைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். அந்த யூரியா கரைசலுக்குத்தான் டெஃப் என்று பெயர். 'டெஃப் செலவு தண்டம்' என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை: அந்த டெஃப்தான் டீசலை மிச்சப்படுத்துகிறது.

படி 1: கை வைக்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, வழக்கமான ரூட்டில், வழக்கமான லோடில் ஓட்டி, அதே பங்கில் மறுபடி கழுத்து வரை நிரப்புங்கள். டேஷ்போர்டு காட்டும் மைலேஜ், இன்ஜெக்டர் எவ்வளவு தெளித்திருக்கும் என்று ஈசியூ போடும் கணக்கு. இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் அந்தக் கணக்கும் தப்பு. டேங்க் பொய் சொல்லாது.

டெஃப் எத்தனை லிட்டர் போனது என்பதையும் குறித்துவையுங்கள். பெரிய லாரிகளில் டீசலில் 3 முதல் 6 சதவீதம் வரை போவது வழக்கம். திடீரென்று டெஃப் செலவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், டோசிங் (டெஃப் தெளிப்பது) நின்றிருக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகப் போனால் இன்ஜின் நாக்ஸை அதிகம் கக்குகிறது, அல்லது சென்சார் தவறாகப் படிக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கொடுத்தால் 2500 லிட்டர் செலவு. அது 4.2 ஆனால் சுமார் 119 லிட்டர் மிச்சம். 0.2 என்பது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் வெறும் ஞாபகத்தை வைத்து அதைப் பிடிக்க முடியாது. டிரைவர் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

டேஷில் லைட், மீடியம், ஹெவி மாதிரி மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல பிஎஸ்-6 லாரிகளில் உண்டு. அது ஈசியூவுக்குள் கம்பெனியே வைத்திருக்கும் வேறு வேறு மேப். காலி வண்டியையும் ஹெவியில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். மேப் மாற்றப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இலவசமாகக் கிடைக்கும் மேப்பைப் பயன்படுத்திப் பாருங்கள்.

படி 2: ஸ்கேனர் போடுங்கள், கோளாறு கோடை (code) அழிக்காதீர்கள்

கார், பிக்கப்பில் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகும் விலை குறைந்த புளூடூத் அடாப்டர்கூட ஓரளவு காட்டும். பெரிய வண்டிகள் பேசுவது ஜே1939 முறையில், அதற்கு ஏற்ற ஸ்கேனர் தேவை. அங்கே கோடு 'எஸ்பிஎன், எஃப்எம்ஐ' என இரண்டு எண்களாக வரும். எஸ்பிஎன் எந்த உறுப்பு என்று சொல்லும், எஃப்எம்ஐ என்ன கோளாறு என்று சொல்லும். எஸ்பிஎன் 157 ரெயில் அழுத்தம். 3251 டிபிஎஃப்-இன் இருபக்க அழுத்த வித்தியாசம். 4364 எஸ்சிஆர் திறன். எஃப்எம்ஐ 3, 4 என்றால் வோல்டேஜ் கூடவோ குறையவோ இருக்கிறது, அதாவது சந்தேகம் முதலில் ஒயர் மேல்தான் விழ வேண்டும்.

நம் ஆட்கள் ஸ்கேனர் போட்டதும் செய்யும் முதல் வேலை 'கிளியர்' அமுக்குவது. லைட் அணைந்துவிடும், வண்டிக்காரரும் போய்விடுவார். அதோடு கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம், லோடு, சூடு எவ்வளவு இருந்தது என்று ஈசியூ பிடித்து வைத்திருந்த பதிவும் போய்விடும். நோய்க்கான துப்பே அதுதான். போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள்.

சம்பந்தமில்லாத மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நேரத்தில் கோடு காட்டினால் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பாதீர்கள். பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகிறது. அதில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து விழும். ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எலி கடித்த ஒயர், சேஸிஸில் துரு ஏறிய எர்த் போல்ட், கனெக்டருக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் ஆகியவற்றைப் பார்க்காமல் சென்சார் வாங்கக் கடைக்குப் போவது வீண். ஈசியூவின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, இன்ஜின் ஓடும்போதும் ஹெட்லைட் எரியும்போதும், மல்டிமீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தை முதலில் சரி செய்யுங்கள்.

படி 3: மேட்டில் ஏற்றிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஷெட்டில் ஐடிலில் நின்றுகொண்டு பார்க்கும் லைவ் டேட்டா பாதி உண்மையைக்கூடச் சொல்லாது. லோடு வண்டியைச் சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி விட்டால் தொப்பூர் கணவாய் ஏற்றம் வரும். இன்ஜினுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க அப்படி ஒரு நீண்ட மேடு வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற எந்த மேடும் போதும். டிரைவர் ரோட்டைப் பார்க்கட்டும், ஸ்கேனரை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

பதிவு செய்ய வேண்டியவை: ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் சதவீதம், ரெயில் அழுத்தம் கேட்டது, ரெயில் அழுத்தம் கிடைத்தது, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கேட்டது, பூஸ்ட் கிடைத்தது, காற்றின் அளவு, தெளித்த டீசல், கூலன்ட் சூடு. 'கேட்டது', 'கிடைத்தது' என்று ஜோடியாக வரும் எண்களில்தான் விஷயம் இருக்கிறது.

ஈசியூ 1600 பார் கேட்கிறது, 1570 வருகிறது, லேசாக ஆடுகிறது என்றால் டீசல் பக்கம் நலம். 1600 கேட்டு 1250தான் வருகிறது, மேடு ஏற ஏற இன்னும் இறங்குகிறது என்றால் டீசல் வரும் வழியில் கோளாறு. காரில் அது பி0087 என்று விழும். ரெயில் சரியாக இருந்து, பூஸ்ட் 2.4 பார் கேட்டு 1.9தான் வந்தால் காற்றுப் பக்கம் போங்கள், அதன் கோடு பி0299.

மூன்றாவது ஒன்றும் உண்டு, பலர் தவறவிடுவது இதைத்தான். கேட்பதே குறைவாக இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து நசுக்கினாலும் ஈசியூ குறைந்த அழுத்தமும் குறைந்த டீசலும்தான் கேட்கும், கேட்டதெல்லாம் கச்சிதமாகக் கிடைக்கும். அப்போது பம்பும் டர்போவும் குற்றமற்றவை. ஈசியூ வேண்டுமென்றே இழுவையைக் குறைக்கிறது. ஏன்? ஆக்சிலரேட்டர் பெடல் 100 காட்டாமல் 82-லேயே நின்றுவிடுகிறதா? பெடலுக்கு அடியில் மேட் மடங்கிக் கிடந்த கதைகள் உண்டு. கூலன்ட் சூடு எல்லை தாண்டியதா? டிபிஎஃப் கரி நிறைந்துவிட்டதா? டெஃப் கோளாறுக்காக டார்க் (இழுவைச் சக்தி) குறைத்திருக்கிறதா? காற்றளவு சென்சார் குறைவாகப் படிப்பதால் 'காற்றில்லை, டீசல் கொடுத்தால் புகைக்கும்' என்று முடிவு செய்ததா? இப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜெக்டர் செட் மாற்றியவர்கள் உண்டு. பணம் போனது, புல்லிங் வரவில்லை.

படி 4: காற்று

சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பூஸ்ட் சென்சாரும் வெளிக்காற்றுச் சென்சாரும் காட்டும் எண்களைப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி வரும், ஊட்டியில் 77 அளவுக்கு வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று பொய் சொல்கிறது. காசில்லாத சோதனை, ஒரு நிமிட வேலை.

அடுத்து ஏர் ஃபில்டரிலிருந்து இன்டேக் வரை ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் சென்சார் அளந்த காற்று முழுவதும் சிலிண்டருக்குப் போய்ச் சேராது. அளந்ததை நம்பி ஈசியூ டீசலைக் கொடுக்கும், மிச்சமெல்லாம் கரி. பழைய வண்டி என்றால் சைலன்சரில் கரும்புகை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். பிஎஸ்-6-ல் டிபிஎஃப் அந்தக் கரியை விழுங்கிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. புகை வரவில்லை என்பது இன்ஜின் நன்றாக எரிகிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல. ரீஜெனரேஷன் (டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரிப்பது) அடிக்கடி வந்தால் அதுதான் புதுக்காலத்துப் புகை.

டர்போ இன்லெட்டை அடைத்து 1 பார் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை பொங்கும் இடத்தில் ஓட்டை. கிளாம்ப் ஒன்றை இறுக்கினாலே மைலேஜ் திரும்பிய வண்டிகள் நிறைய. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கரிக்கோடு தெரிந்தால் அங்கேயும் கசிவு உண்டு, அதுவும் பூஸ்டைத் தின்னும்.

படி 5: டீசல்

பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம். இன்ஜெக்டருக்குள் நகரும் உறுப்புகளின் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். ஒரு துளி தண்ணீரும் ஒரு சிட்டிகை தூசியும் அங்கே என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வாட்டர் செபரேட்டரைத் திறந்துவிடுவதை டிரைவர் வாராந்திர வழக்கமாக வைத்துக்கொள்ளட்டும். ஃபில்டரில் மட்டும் 'லோக்கல் போதும்' என்று சொல்லாதீர்கள்.

ரெயில் அழுத்தம் வரவில்லை என்றால் எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் லைனில் காற்று புகுகிறதா, லிஃப்ட் பம்ப். அப்புறம் இன்ஜெக்டர் ரிட்டர்ன். சாதாரண சொலினாய்டு இன்ஜெக்டராக இருந்தால் ஒவ்வொன்றின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் சில நிமிடம் ஓட்டுங்கள். மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பிய பாட்டில் எந்த இன்ஜெக்டருடையதோ அதுவே சந்தேகத்துக்கு உரியது. பியசோ இன்ஜெக்டரில் ரிட்டர்ன் லைனில் 10 பார் அளவு அழுத்தம் இருந்தாக வேண்டும் என்பதால் அதில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கிராங்க் செய்யும்போது ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். பல இன்ஜின்களில் 200 பாரைத் தொடாமல் ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த எண்ணும் ஸ்கேனரில் வரும். ஒரு சிலிண்டர் மட்டும் ரொம்பக் கூட்டிக் கேட்டால் உடனே இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் அப்படித்தான் கேட்கும். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு அப்புறம் இன்ஜெக்டர். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் பொறித்திருக்கும் கோடை ஈசியூவில் ஏற்ற வேண்டும். தயாரிப்பில் ஒவ்வொன்றும் துளி முன்பின்னாகத் தெளிக்கும், அந்த வித்தியாசம் கோடில்தான் இருக்கிறது. கோடு ஏற்றாமல் அனுப்பினால் வண்டி ஓடும், ஆனால் பைலட் அளவு தப்பி, சத்தமும் கரியும் கூடும்.

எச்சரிக்கை ஒன்று: இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தி 'எந்த சிலிண்டர் அடிக்கலை' என்று பார்க்கும் பழைய பம்ப் காலத்துப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உயர் அழுத்தத்தில் ஏறியது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

படி 6: இஜிஆர்

ஸ்கேனரில் வால்வுக்கு இட்ட கட்டளையும் அது நிற்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்தபடி மாட்டிக்கொண்டால் காற்று குறைந்து கரி ஏறும், புல்லிங் போகும். மூடியபடி நின்றால் நாக்ஸ் ஏறி டெஃப் செலவு கூடும். கரியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் இஜிஆர் கூலரைச் சந்தேகப்படுங்கள். தகடு வைத்து அடைக்கும் வித்தை பிஎஸ்-3 காலத்தோடு முடிந்தது. இப்போது அடைத்தால் ஈசியூ கண்டுபிடித்து டார்க்கைக் குறைக்கும்.

படி 7: டிபிஎஃப்

டிபிஎஃப்-இல் சேர்வது இரண்டு: கரி, சாம்பல். கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. ஹைவேயில் லோடோடு ஓடும்போது 250 முதல் 400 டிகிரி சூட்டில் கரி தானாக மெதுவாக எரிந்துகொண்டே இருக்கும். அது போதவில்லை என்றால் ஈசியூ கூடுதல் டீசல் தெளித்து 600 டிகிரிக்குச் சூடேற்றி எரிக்கும். நிறுத்தி நிறுத்திப் போகும் டவுன் டெலிவரி வண்டிக்கு இதுதான் கஷ்டம். பாதியில் சாவியை அணைத்தால் கரி அப்படியே நிற்கும். சிலிண்டருக்குள் போஸ்ட் இன்ஜெக்ஷன் செய்யும் இன்ஜின்களில் எரியாத டீசல் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் நல்ல வண்டி என்று நினைக்காதீர்கள், ஆயிலை மாற்றுங்கள்.

இரண்டு ரீஜெனரேஷனுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துவையுங்கள். வழக்கமான தூரம் பாதியாகச் சுருங்கினால் டிபிஎஃப்-ஐ விட்டுவிட்டு முன்னால் தேடுங்கள்: பூஸ்ட் கசிவு, இன்ஜெக்டர், இஜிஆர். காரணத்தைச் சரி செய்யாமல் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் போடுவது ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி மாற்றுவது மாதிரி. டிபிஎஃப் அழுத்தச் சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களும் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெடித்தால் காலி டிபிஎஃப்பும் நிறைந்ததாகத் தெரியலாம், நிறைந்தது காலியாகத் தெரியலாம்.

நிறுத்தி வைத்து ரீஜெனரேஷன் போடும்போது வைக்கோல், காய்ந்த புல், ஆயில் சிந்திய தரை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலிலிருந்து வருகிறது. ஆகவே புத்தகத்தில் சிகே-4 அல்லது அதற்கு இணையான குறைந்த சாம்பல் ஆயில் என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். பழைய வண்டிக்கு வாங்கி வைத்த மலிவான ஆயிலை இதில் ஊற்றுவது டிபிஎஃப்-ஐத் தவணை முறையில் கொல்வது.

படி 8: டெஃப், எஸ்சிஆர்

டெஃப் என்பது சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீத யூரியா. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டால் அளவு தெரிந்துவிடும். பத்து வண்டி வைத்திருக்கிற யாரும் ஒன்று வாங்கி வைக்கலாம். உர மூட்டையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் உரத்தில் இருக்கும் மற்ற கலப்பும் டோசிங் ஊசியை அடைத்து, கேட்டலிஸ்டைப் பாழாக்கும். மானிய யூரியாவை இப்படித் திருப்புவது குற்றமும்கூட. டெஃப் கேனை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் கெடும்.

ஸ்கேனரில் எஸ்சிஆருக்கு முன்னும் பின்னும் உள்ள நாக்ஸ் எண்களைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் சூடு 200 டிகிரியைத் தாண்டினால்தான் டோசிங் உருப்படியாக நடக்கும், அதனால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். முன்னால் 800 பிபிஎம், பின்னால் 60 என்றால் 92 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகிறது, நல்லது. பின்னால் எண் அதிகமாக இருந்தால் 'டெஃப் போதவில்லை' என்று அவசரப்படாதீர்கள். நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸாகத்தான் தெரியும். டெஃப் அளவுக்கு மீறிப் போய் அம்மோனியா தப்பி வந்தாலும் அதே எண் ஏறும். டோசிங்கைக் குறைத்தால் எண் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நீண்ட நேரம் ஐடிலில் நிற்கும் வண்டிகளில் டோசிங் ஊசி முனையில் வெள்ளையாக உப்பு மாதிரிப் படியும். வெந்நீரில் ஊற வைத்தால் கரையும், கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

படி 9: வலது கால்

கியரில் போட்டபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஆர்பிஎம் ஐடிலுக்கு மேல் இருக்கும்வரை ஈசியூ டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு 'டீசல் மிச்சம் பிடிக்கிற' டிரைவர், உண்மையில் ஐடில் டீசலை எரித்துக்கொண்டு பிரேக்கையும் சூடாக்குகிறார். தொப்பூர் இறக்கத்தில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நம்பாதவர்களுக்கு ஸ்கேனரில் 'தெளித்த டீசல்' எண் பூஜ்யமாவதைக் காட்டுங்கள். அதற்கு மேல் பாடம் நடத்த வேண்டியதில்லை.

படி 10: மேப்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போகும் வண்டிக்குத்தான் மேப் என்ற பேச்சே வர வேண்டும். முதலில் கம்பெனி சர்வீஸில் ஈசியூ சாஃப்ட்வேருக்குப் புது அப்டேட் இருக்கிறதா என்று கேளுங்கள். ரீஜெனரேஷன் இடைவெளி, டோசிங் அளவு போன்றவற்றை அதில் திருத்தியிருப்பார்கள்.

வெளி ஆட்கள் போடும் மேப்பில் பெரும்பாலும் நடப்பது மூன்று: டைமிங்கை முன்னால் இழுப்பது, புகை வரம்பைத் தளர்த்துவது, ரெயிலையும் பூஸ்ட்டையும் ஏற்றுவது. மைலேஜ் கொஞ்சம் கூடலாம், கூடவே நாக்ஸும் ஏறும். இன்ஜின் கம்பெனி இந்த எண்களை டைனமோமீட்டரில் புள்ளி புள்ளியாக ஓட்டி, வெயில், குளிர், உயரம் எல்லாவற்றிலும் சரிபார்த்து வைத்திருக்கிறது. லேப்டாப்போடு வருகிறவரிடம் அந்த வசதி இல்லை. உங்கள் வண்டிதான் அவருக்குச் சோதனைக்கூடம். என் கருத்தில் பிஎஸ்-6 லாரிக்கு இது வேண்டாத வேலை.

டிபிஎஃப், எஸ்சிஆரைக் கழற்றிவிட்டு, அவை இருப்பதுபோல் ஈசியூவை ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டி வைப்பது அதைவிட மோசம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஈசியூவைப் பொய் சொல்ல வைக்கும் வேலையைப் பெரிய கம்பெனியே செய்து மாட்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனைப் பிடித்தது. சோதனையில் நிற்கிறோம் என்று கண்டுகொண்டால் மட்டும் சுத்தமாக ஓடும்படி சாஃப்ட்வேர் எழுதியிருந்தார்கள். ரோட்டில் நாக்ஸ் வரம்பைப்போல் 40 மடங்கு வரை போனது, உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது.

மறுபடி அளப்பது

வேலை முடிந்ததும் முதல் படியை அப்படியே திரும்பச் செய்யுங்கள்: அதே பங்கு, அதே ரூட், அதே லோடு, முடிந்தால் அதே டிரைவர். ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்துவிட்டு எது பலன் தந்தது என்று தேடாதீர்கள். பெரிய வேலை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கும். கோடு அழித்த பிறகு ஈசியூ தன் சோதனைகளை முடிக்கச் சில ஓட்டங்கள் பிடிக்கும், அதற்குள் 'லைட் வரலை, சரியாயிடுச்சு' என்று பில் போட வேண்டாம்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியோடு ஒரு நோட்டும் போகட்டும். அதில் இருக்க வேண்டியவை: டேங்க் கணக்கு மைலேஜ், டெஃப் சதவீதம், ரீஜெனரேஷன் இடைவெளி, மேட்டில் ரெயிலும் பூஸ்ட்டும் கேட்டது கிடைத்தது, நாக்ஸ் முன்பின் எண்கள், சிலிண்டர் திருத்த எண்கள். மெக்கானிக் மாறினாலும் அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.